வாய்ப்பாட்டுக்கு ஏது அடிமனம்

ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று ஏழு வருஷம் காத்திருந்தேன். அது அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. மாத்திரைகள் பழகிவிட்டன. நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடும் தழும்பும் பழகிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. சரி, கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

நான் புனேயில் கேம்ப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். பிறந்தது உடுமலைப்பேட்டை. வீட்டுக்காரர் சிஞ்ச்வடில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே மகள், பெயர் காவ்யா, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தினமும் லோக்கல் ரயிலில் புனே ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன்.

ஒவ்வொரு ஜூலையிலும் முதல் பாடம் மனப்பகுப்பாய்வு எப்படிப் பிறந்தது என்பது. எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். பாரிஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பேராசிரியர் பெண் நோயாளிகளை மேடையேற்றி, வசியத் தூக்கத்தில் ஆழ்த்தி, கையை விறைக்க வைப்பார், காலை விறைக்க வைப்பார். நகரமே வந்து வேடிக்கை பார்க்கும். அந்த வியாதிக்குப் பெயர் ஹிஸ்டீரியா. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு வியன்னாவுக்குத் திரும்பிய ஓர் இளம் மருத்துவரும், அவருடைய மூத்த நண்பரும் சேர்ந்து புது வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். மூத்தவரிடம் வந்த ஒரு பெண், அப்பாவின் நோய்ப்படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கடைசியில் தானே கை மரத்து, பார்வை கோணி, பேச்சையும் இழந்தாள். மனதில் இருப்பதைப் பேசப் பேச அவளுக்கு ஒவ்வொன்றாகச் சரியானது. பேச்சு வைத்தியம் என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவள்தான். இதை நான் கண்ணை விரித்துக் கதை மாதிரி சொல்வேன். பின்பெஞ்சு மாணவிகள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

தொண்ணூற்றேழு ஜூலையில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் நான் போட்ட கோடு இரண்டாகத் தெரிந்தது. அழித்துவிட்டுப் போட்டேன். மறுபடி இரண்டு. அந்த வாரமே மாலை வகுப்பில் குரல் மூக்கு வழியாக வர ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதிச் சப்பாத்தி மென்றதும் தாடை நின்றுபோகும். கையால் மோவாயைத் தூக்கிவிட்டு மெல்லுவேன். இடது இமை சாயங்காலமானால் பாதிக் கண்ணை மூடிக்கொள்ளும். காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வையுங்கள். நாங்கள் யாருமே வைக்கவில்லை.

கண் டாக்டர் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். காது மூக்கு தொண்டை டாக்டர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே வெளி நோயாளிகளைக் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் அது ஒரு விசேஷம். முந்தின நாளே என்னை லீவு போடச் சொல்லிவிடுவார் வீட்டுக்காரர். சமையல் அவர். பாத்திரம் அவர். பேசக்கூட விட மாட்டார்.

"நீ சும்மா படு கண்ணு. டாக்டரப் பாக்கப் போறப்ப தெம்பா இருக்கோணும். நோஞ்சானாட்டம் போயி நின்னா அவனே பயந்துக்குவான்."

காலையில் தலைக்கு ஊற்றி, நல்ல புடவை கட்டி, சிஞ்ச்வடிலிருந்து ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போவார். ஒரு படி ஏற விட மாட்டார். பத்து மணிக்கு டாக்டர் முன்னால் நான் ஜம்மென்று உட்கார்ந்திருப்பேன். இமை நேராக இருக்கும். குரல் மணி மாதிரி இருக்கும். கையைத் தள்ளச் சொல்வார்கள், தள்ளுவேன். மேலே பார்க்கச் சொல்வார்கள், பார்ப்பேன். தலையைப் படம் எடுத்தார்கள், சுத்தம். ரத்தம் எடுத்தார்கள், சுத்தம். நான்காவது தடவை அங்கிருந்த பொது மருத்துவர் ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்க்காமல் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டில் ஏதாவது டென்ஷனா?"

அப்படித்தான் அதே ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் எனக்குப் புதியவர் இல்லை. எங்கள் கல்லூரிக்கு வந்து சொற்பொழிவு ஆற்றியவர். மெதுவான குரல், வெள்ளைத் தாடி, அறை முழுக்கப் புத்தகம். வியன்னா மருத்துவரின் படம் சுவரில். நோயாளி சாய்ந்துகொள்ள ஒரு நீளமான சோபாவும் போட்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். இருபது வருஷம் வாயால் சொல்லிக்கொடுத்த அறைக்குள் நானே நுழைந்த மாதிரி இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வாரம் இரண்டு நாள், மாலை நாலு மணிக்கு, முக்கால் மணி நேரம் பேச வேண்டும். ஊர், பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் பேசினேன். மூன்றாவது வாரம் அப்பாவுக்கு வந்தேன். அப்பா புற்றுநோயில் போனபோது நான் பக்கத்தில் இல்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ரயில் ஏறும் முன்பே தகவல் வந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் மூக்குக்குப் போய், வார்த்தை குழைந்து, பிறகு காற்று மட்டும் வந்தது. இமை விழுந்துவிட்டது.

டாக்டர் முன்னால் குனிந்தார். "பார்த்தீர்களா? சரியாக அப்பாவிடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. கண் மூடிக்கொண்டது. பார்க்க விரும்பாததைப் பார்க்காமல் இருக்கிறீர்கள்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன், நான் நடத்தும் பாடமாயிற்றே. அப்பாவின் படுக்கை, மகளின் பேச்சு, எல்லாம் அப்படியே பொருந்தியது. அப்பாவைப் பற்றிப் பேசியதில் மனசு லேசானதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் இமை லேசாகவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது.

சந்தேகத்தைக் கிளப்பியவள் காவ்யா. அவளுக்குத் தமிழ் தடுக்கும், மராத்தியும் இங்கிலீஷும் தான் சரளம். ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, நீ தாத்தா பத்தி பேசுனா மட்டும் இல்ல. எனக்கு ஜியாக்ரஃபி படிச்சுக் காட்டும்போதும் உன் வாய்ஸ் போகுது. தாத்தாவுக்கும் டெக்கான் பிளாட்டோவுக்கும் காய் சம்பந்த்? என்ன சம்பந்தம்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாணவிகளுக்குப் பரிசோதனை முறை சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு காரணத்தைச் சந்தேகப்பட்டால் அதை எடுத்துவிட்டுப் பார் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள். அன்று மாலையே உட்கார்ந்தேன். அப்பா இல்லாத, அம்மா இல்லாத, அழுகை இல்லாத ஏதாவது ஒன்றைப் பேச வேண்டும். வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். ஓரொண்ணு ஒண்ணிலிருந்து. காவ்யா நோட்டில் குறித்தாள். பதினேழாம் வாய்ப்பாட்டில் குரல் நின்றது. அரைமணி நேரம் கண்ணை மூடிப் படுத்துவிட்டு எழுந்தால் குரல் திரும்பியது. மறுநாள் பதினாறில் நின்றது. அதற்கடுத்த நாள் மறுபடி பதினேழில். காலையில் எழுந்ததும் சொன்னால் இருபது வரை தடங்கலில்லாமல் போனது. பத்து நாள் கணக்கைத் தேதி, மணியோடு ஒரு தாளில் அழகாக எழுதினேன். வாய்ப்பாட்டுக்கு ஏது அடிமனம்? பேசும் விஷயத்தால் குரல் போகவில்லை, பேசும் நேரத்தால் போகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி என்ன கொண்டுபோய்க் கொடுக்க முடியும்?

டாக்டர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினேழு வயதில் என்ன நடந்தது?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்த என் பாடக்குறிப்புகளை வெளியே போட்டேன். இருபது வருஷமாகச் சொல்லாமல் தாண்டிப் போன பக்கங்களைத் தேடினேன். பேச்சு வைத்தியத்தில் குணமானாள் என்று நான் கண்ணை விரித்துச் சொன்ன அந்தப் பெண், அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் சானடோரியங்களுக்குப் போய் வந்தவள். இன்னொருத்தியின் மூக்கில் வியன்னா மருத்துவரின் வேறொரு நண்பர் அறுவை செய்து, நீளத் துணியை உள்ளேயே வைத்து மறந்துவிட்டார். அவள் ரத்தம் கொட்டிச் சாகக் கிடந்து பிழைத்தாள். பின்னாளில் வியன்னா மருத்துவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அவள் ஏக்கத்தால்தான் ரத்தம் சிந்தினாள் என்று முடிவு கட்டினார். மூன்றாவது ஒரு சிறுமி. பதினான்கு வயது. வயிற்று வலி என்று வந்தாள். ஹிஸ்டீரியா என்று வைத்தியம் பார்த்தார், சரியாகிவிட்டது என்று அனுப்பினார். இரண்டு மாதத்தில் வயிற்றுக் கட்டியில் செத்துப்போனாள். அவரே பிறகு எழுதினார், அந்தச் சிறுமியின் பெயரே தனக்கு மறந்துபோயிற்று என்று. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கு ஹிஸ்டீரியாவும் இருந்ததாம், கட்டி அதைக் கிளப்பிவிட்டதாம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். படித்திருக்கிறேன். கதையின் சுவை கெடும் என்று வகுப்பில் சொல்லாமல் விட்டவள் நான்தான். டாக்டர் மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்டோபரில் சளி பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு மேலோடு நின்றது. வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து ஓடி வந்து அப்படியே தூக்கிக்கொண்டு போனார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் முதலில் செய்த காரியம், என் ஃபைலை வரவழைத்தது. மேலட்டையைத் திறந்ததும் முதல் தாளில் மனநல மருத்துவரின் கையெழுத்தில், சிவப்பு மையில், ஹிஸ்டீரியா என்று எழுதியிருந்தது. அவர் முகத்தில் இருந்த பரபரப்பு போய்விட்டது. அதை நான் பார்த்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டே பார்த்தேன்.

"ஒன்றுமில்லை, அமைதியாக இருங்கள்," என்றார் இந்தியில். காகிதப் பையைக் கொடுத்து அதற்குள் மூச்சு விடச் சொன்னார். நான் பையைத் தள்ளினேன். அதை ஆர்ப்பாட்டம் என்று நினைத்துக்கொண்டு அமைதி ஊசி போட்டார். ஏற்கெனவே சோர்ந்து கிடக்கிற மூச்சுத் தசைக்கு அந்த ஊசி என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் அமைதியானேன். ரொம்ப அமைதியானேன். உதடு நீலமானதை வீட்டுக்காரர்தான் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

நினைவு திரும்பியபோது தொண்டைக்குள் குழாய். மெஷின் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்தேன். பேச முடியாது. முதல் மூன்று நாள் இமையையும் திறக்க முடியாது. காது மட்டும் கேட்கும். சுற்றி நின்று பேசுவதெல்லாம் கேட்கும். அழக்கூட முகம் ஒத்துழைக்காது. அந்த நாட்களின் பயத்தை எழுத முயன்று நாலு தாள் கிழித்தாயிற்று. பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

என்னைக் காப்பாற்றியவர் மயக்க மருந்து கொடுக்கும் பெண் டாக்டர். மராத்திக்காரர், படபடவென்று பேசுவார். மெஷினைக் கவனிக்க வந்தவர் என் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த இமை எந்த நேரத்தில் இறங்கும்?"

"சாயங்காலந்தான் மேடம். காலைல நல்லா இருப்பா," என்றார் அவர் தெரிந்த இந்தியில்.

"இத்தனை நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலீங்க."

அவர் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். ஆபரேஷன் நேரத்தில் தசை எவ்வளவு மயங்கியிருக்கிறது என்று பார்க்கும் கருவி. மணிக்கட்டில் ஒட்டி, லேசான மின்சாரம் நாலு தடவை தட்டும். நல்ல உடம்பில் கட்டைவிரல் நாலு தடவையும் ஒரே மாதிரி துள்ளும். என் விரல் முதல் தடவை துள்ளியது, இரண்டாவது தடவை குறைந்தது, நாலாவது தடவை அசையவே இல்லை. நரம்பு உத்தரவு கொடுக்கிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்களை என் உடம்பின் பாதுகாப்புப் படையே அழித்துக்கொண்டிருக்கிறது. முதல் உத்தரவுகள் போய்ச் சேரும், போகப் போகச் சேராது. ஓய்வு கொடுத்தால் மறுபடி கொஞ்சம் சேரும். வியாதியின் பெயர் மயஸ்தீனியா. ஓர் ஊசி போட்டார். இருபது நிமிஷத்தில் என் இமை தானாக எழுந்தது. மூன்று நாளுக்குப் பிறகு முதன்முதலாக வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். சவரம் பண்ணாத முகம்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான் கண்ணு. நாந்தான் உன்னையத் தூங்க வெச்சுத் தூங்க வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். ஒரு நாளாச்சும் உன்னைய வேலை வாங்கிக் கூட்டிட்டுப் போயிருந்தா அப்பவே பாத்திருப்பாங்க."

உண்மைதான். அவருடைய அன்பு என் வியாதியை டாக்டர்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. ஒரு முழு நாள் அவர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர் தன் தப்பை ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டார். படித்தவர்கள் யாருக்கும் அது முடியவில்லை.

ஜனவரியில் நெஞ்செலும்பைப் பிளந்து, உள்ளே வீங்கியிருந்த தைமஸ் என்ற சுரப்பியை எடுத்தார்கள். மார்ச்சில் கல்லூரிக்குத் திரும்பினேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. அது போதும், பாடம் நடத்தலாம். ஆனால் தூக்கம் வரவில்லை. காரணம் அந்த ஃபைல். இந்த வியாதியில் மூச்சுத் திணறல் மறுபடி எப்போது வேண்டுமானாலும் வரலாம். மறுபடி அதே அவசரப் பிரிவுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மறுபடி யாரோ ஒரு டாக்டர் முதல் தாளைப் பார்ப்பார். புதுத் தாள்களெல்லாம் ஃபைலின் அடியில் போய்ச் சேர்ந்திருந்தன. சிவப்பு மை மேலேயே இருந்தது. அந்த ஒரு வார்த்தையால் என்னை இன்னொரு முறை கொல்ல முடியும்.

பொது மருத்துவர், நோயின் பெயரை எழுதியவர்தான் அடிக்க வேண்டும் என்றார். ரெகார்ட் அறையில், டாக்டர் சொல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். ஆறு தடவை அலைந்தேன். கடைசியில் மே மாதத்தில் ஒரு காலை, வாரத்தில் இரண்டு நாள் நான் பேசிக்கொண்டிருந்த அதே அறைக்கு, ஃபைலைத் தூக்கிவந்த சிஸ்டருடன் போனேன். சோபாவில் உட்காரவில்லை.

டாக்டர் அன்பாகத்தான் வரவேற்றார். "நீங்கள் குணமானதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி."

"அந்த வார்த்தையை அடியுங்கள் டாக்டர்."

அவர் ஃபைலைப் புரட்டினார். தைமஸ் அறுவை அறிக்கையைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். "மயஸ்தீனியா இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பதற்றமும் இருந்தது. இரண்டும் ஒருவருக்கு இருக்கலாம். அடியிலிருந்த நோய் மனதின் நோயைத் தூண்டியிருக்கலாம்."

செத்துப்போன சிறுமியைப் பற்றி வியன்னாவில் எழுதிய அதே விளக்கம். நூறு வருஷத்தில் ஒரு அங்குலம் நகரவில்லை. மனுஷர் அதை மனப்பாடமாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் உங்களிடம் பத்து நாள் கணக்கு எழுதிக் கொடுத்தேன்," என்றேன். "நீங்கள் நல்லபடியாகக் கேட்கிறவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எதைச் சொல்லாமல் விட்டேனோ அதை எல்லாம் கேட்டீர்கள். நான் சொன்னதை மட்டும் கேட்கவில்லை."

அவர் பேனாவை எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். சிவப்பு வார்த்தைக்குக் கீழே நீல மையில் மயஸ்தீனியாவும் என்று எழுதினார். 'உம்' சேர்த்து, பக்குவமாக எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு என் மேல் நிறையக் கோபம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று நாம் பேசலாம்."

நான் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து ஃபைலை என் பக்கம் திருப்பினேன். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். பிடுங்கினேன் என்றும் சொல்லலாம். சிவப்பு வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டேன். போதவில்லை, இன்னொரு கோடு போட்டேன். தாள் கிழியவில்லை, கவனமாகத்தான் போட்டேன். டாக்டர் எழுந்திருக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

பிறகு சிஸ்டர், கதவோரம் நின்றிருந்தவர், தொண்டையைச் செருமினார்.

"மேடம், கேஸ் பேப்பரில் எதையாவது அடித்தால், அடித்தவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பதவியும் எழுத வேண்டும்," என்றார் இந்தியில். "இல்லாவிட்டால் அது செல்லாது."

கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். அதற்குக் கீழே, நோயாளி என்று எழுதினேன்.